வாத்தியம் நிற்காத நாள்

கடப்பாரையின் கூர்முனையைச் சுரங்கச் சுவரின் வடிகுழாய் மூடியின் இடுக்கில் செருகி, உடம்பின் மொத்த எடையையும் அதன்மேல் சாய்த்தாள் எர்சிலியா. துருப்பிடித்த மூடி அசையவில்லை. மறுபடி சாய்ந்தாள். உள்ளே ஏதோ முனகியது. அடுத்த அழுத்தலில் மூடி பிய்த்துக்கொண்டு பறந்து எதிர்ப்பாறையில் மோத, செங்காவி நிறத் தண்ணீர் பீய்ச்சியடித்து அவளை மல்லாக்கத் தள்ளியது.

எழுந்ததும் முதலில் மெழுகுவர்த்திகளைத்தான் பார்த்தாள். ஒன்று தலை உயரத்தில், இன்னொன்று முழங்கால் உயரத்துப் பாறை விளிம்பில். கீழே இருப்பதுதான் முக்கியம். இந்தத் தண்ணீரோடு வரும் வாயு கனமானது, தரையோடு தவழும். மேல்சுடரை நம்பிக் குனிந்து வேலை பார்த்தவர்கள் எங்கள் ஊர்க் கல்லறையில் வரிசையாகப் படுத்திருக்கிறார்கள்.

கீழ்ச்சுடர் நின்று எரிந்தது. நல்லது.

தண்ணீர் அவள் கணுக்காலை நனைத்து, சுரங்க வாயிலைத் தாண்டி, சரிவில் சிவப்பாக இறங்கி ஓடியது. சரிவுக்குக் கீழே பள்ளத்தாக்கில் பேண்டு வாத்தியம் முழங்கிக்கொண்டிருந்தது. மெல்போர்னிலிருந்து ரயில் நிறைய விருந்தாளிகள் வந்திருந்தார்கள். புதுக் குளியல் மாளிகையைத் திறக்க ஒரு மந்திரியும் வந்திருந்தார். இன்னும் சற்று நேரத்தில் நீர் மண்டபத்தின் சிங்கவாய்க் குழாய்க்கு அடியில் அவர் வெள்ளிக் கோப்பையை நீட்டுவார். அப்போது அந்தச் சிங்கம் வெறும் காற்றைத் துப்ப வேண்டும்.

அது அவளுடைய சின்ன ஆசை. பெரிய ஆசை அந்தச் சுவருக்குப் பின்னால் இருந்தது.

சுவர் என்றால் கருங்கல்லும் மிதித்துக் குழைத்த களிமண்ணும். சுரங்கத்தை அடைத்துக்கொண்டு தரையிலிருந்து கூரை வரை நின்றது. எர்சிலியா கடப்பாரையைப் போட்டுவிட்டுக் குத்துக்கோடரியை எடுத்தாள்.

லோடானோ பள்ளத்தாக்குக்கு எங்கள் ஆட்கள் தண்ணீர் தேடி வரவில்லை. சுவிட்சர்லாந்து மலைக்கிராமங்களை விட்டு, கப்பலில் வாந்தியெடுத்துக்கொண்டு, ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் தங்கம் கிடைக்கிறது என்று வந்தார்கள். தோண்டிய இடத்திலெல்லாம் நுரைத்துக்கொண்டு தண்ணீர் வந்தது. மெழுகுவர்த்தியை அணைத்தது, ஆட்களைச் சாய்த்தது. பிசாசு மூத்திரம் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள்.

தங்கம் வற்றிய பிறகு ஒரு டாக்டர் வந்து அந்தப் பிசாசு மூத்திரத்தைக் குடித்துப் பார்த்தார். மூட்டுவலிக்கு நல்லது, வயிற்றுக்கு நல்லது, நரம்புக்கு நல்லது என்று பத்திரிகையில் எழுதினார். ஊர் ஒரே வருடத்தில் பெயரை மாற்றிக்கொண்டது. பிசாசு போய், புனிதத் தீர்த்தம் ஆயிற்று. கவுடென்சியோ பெத்ரினி பலகையடித்து முதல் குளியல் குடிசை கட்டினான். பிறகு விடுதி கட்டினான். பாட்டிலில் அடைத்துத் தக்கையைக் கம்பியால் கட்டி நகரத்துக்கு அனுப்பினான். சுரங்கத்தில் முதுகு வளைந்தவர்களெல்லாம் வீட்டுக்கு மேலே மாடி எழுப்பி, விருந்தாளிகளுக்கு ஜன்னல் திரை தைத்தார்கள்.

ஒருத்தன் மட்டும் தோண்டுவதை நிறுத்தவில்லை. ஃபெர்மோ. எர்சிலியாவின் கணவன்.

அவன் சுரங்கம் மலைக்குள் நீள நீள, கீழே ஊற்று இளைத்தது. குளியல் தொட்டிகள் பாதிகூட நிரம்பவில்லை. ஊரார் கோயில் கூடத்தில் அவனை உட்கார வைத்துப் பேசினார்கள். கெஞ்சினார்கள், அதட்டினார்கள். தான் கடல் தாண்டி வந்தது தங்கத்துக்கு என்றும், கொழுத்தவர்களின் குண்டி கழுவத் தண்ணீர் பிடித்துக் கொடுப்பதற்கு இல்லை என்றும் சொல்லிவிட்டு எழுந்து போனான் ஃபெர்மோ.

அந்தக் கோடையில் எர்சிலியாவின் தாய் சாகக் கிடந்தாள். மகள் பக்கத்து ஊருக்குப் போய், இருந்து, அடக்கம் முடித்துத் திரும்பினாள். வீட்டில் ஃபெர்மோ இல்லை. மேற்கே கால்கூர்லியில் புதுத் தங்கம் கிளம்பியிருக்கிறது, சுரங்கத்தை விட்டுக்கொடுத்துவிட்டுப் போய்விட்டான் என்றான் பெத்ரினி. அவனுடைய சட்டை, கம்பளி, பெட்டி எதுவும் வீட்டில் இல்லை. சுரங்கத்தைச் சுவர் வைத்து அடைத்தாயிற்று. ஊற்று பழைய வேகத்தில் திரும்பிவிட்டது. ஊரே குடித்துக் கூத்தாடி முடித்திருந்தது.

அன்றிலிருந்து வருடாவருடம் அதுதான் எங்கள் ஊர்த் திருவிழா. தண்ணீர் திரும்பிய நாள். மதியம் பேண்டு தொடங்கினால் பொழுது சாயும்வரை ஒரு நொடி நிற்கக் கூடாது. வாசிப்பவன் சாப்பிடப் போனால் அடுத்தவன் அவன் வாயிலிருந்தே கார்னெட் ஊதுகுழலை வாங்குவான். டிரம் கை மாறும்போதும் அடி தப்பக் கூடாது. நின்றால் ஊற்றுக்கு ஆகாது என்பார்கள். விருந்தாளிகளுக்கு இந்த வேடிக்கை ரொம்பப் பிடிக்கும்.

எர்சிலியாவுக்கு ஊர் கொடுத்த பட்டம், ஓடிப்போனவன் பெண்டாட்டி. வயிற்றுப்பாட்டுக்குப் பெத்ரினியின் விடுதியிலேயே சமையற்காரியானாள். பதினாறு வருடம் அவன் அடுப்பில் வெந்தாள். கால்கூர்லியிலிருந்து கடிதம் வந்ததா என்று காய்கறிக்காரன் வரை கேட்டுச் சிரித்தான். அங்கே யாரோ ஒரு ஐரிஷ்காரியோடு ஃபெர்மோ குடித்தனம் நடத்துவதாகப் பெத்ரினியே ஒருமுறை சாப்பாட்டு மேஜையில் சொன்னான். எர்சிலியா அன்றைக்குச் சூப்பில் உப்பைக்கூட மாற்றிப் போடவில்லை. ஃபெர்மோமேல் அவளுக்குக் கோபம் இருந்தது. நம்பிவிட்டிருந்தாள்.

போன மாரியில்தான் அது மாறியது. பெருமழையில் சுரங்கச் சுவரின் அடி கசிந்து கக்கிய சேற்றில் ஓர் இரும்புத் துண்டு கிடந்தது. காளான் பறிக்கப் போனவள் எடுத்துப் பார்த்தாள். சுரங்கக்காரன் பாறையில் குத்தி வைக்கும் மெழுகுவர்த்திக் கம்பி. வண்டி வில்லை அடித்து, நுனியில் இரண்டு முறுக்கு முறுக்கி, ஃபெர்மோ தன் கையால் செய்தது.

சுரங்கக்காரன் பெண்டாட்டியை விட்டுவிட்டு ஓடுவான். கம்பியை விட்டுவிட்டு ஓட மாட்டான்.

இன்று காலை, மந்திரியின் விருந்தைப் பார்வையிடப் பெத்ரினி சமையலறைக்கு வந்தான். எர்சிலியா பூண்டும் பட்டையும் சிவப்பு ஒயினும் பிசைந்த இறைச்சியைக் குடலில் திணித்துக்கொண்டிருந்தாள். கையைத் துடைத்துவிட்டு அந்தக் கம்பியை அவன்முன் வைத்தாள். அவன் எடுத்துப் பார்த்தான். திரும்ப மேஜையில் வைத்தான்.

"ஊர் பூரா இது மாதிரி ஆயிரம் கெடக்கு, எர்சிலியா."

"இது என் புருஷனோடது. மத்தியானம் சாப்பாடு அனுப்பிட்டு, போயி அந்தச் சுவத்த இடிக்கப் போறேன். முன்னாடியே சொல்லிட்டேன், அப்புறம் சொல்லலேன்னு சொல்லாதீங்க."

பாத்திரம் தேய்த்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். பெத்ரினி சத்தமாகச் சிரித்தான். "இருபது பேர் சேந்து கட்டுன சுவரு அது. நீ ஒருத்தி இடிச்சுட்டேன்னா மந்திரி கையால உனக்கு மெடல் குத்தச் சொல்றேன்." பெண்களும் சிரித்தார்கள். போகும்போது கதவருகே ஓர் ஆளை நிறுத்திவிட்டுப் போனான். எர்சிலியா இறைச்சி நிலவறையின் பின்வழியாக வெளியேறினாள்.

அவள் கணக்கு சுலபமானது. சுவருக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரிந்தவன் சும்மா இருக்க மாட்டான். ஓடி வருவான். வருகிறவன் முகத்தைப் பார்த்துவிட்டால் போதும். அது பெத்ரினியின் முகமாகத்தான் இருக்கும் என்று ஒன்பது மாதமாக உறுதியாக இருந்தாள். பார்த்ததும் கோடரியைக் கீழே போடுவதா, அவன்மேல் ஓங்குவதா என்பதை மட்டும் முடிவு செய்யவில்லை.

களிமண் பெயர்ந்தது. முதல் கல் ஆடியது. அப்போது கீழே பேண்டில் டிரம்மின் அடி மாறியது.

வேகம் குறையவில்லை, தப்பவும் இல்லை. ஆனால் கை வேறு. யாரோ டிரம்மை இன்னொருவனிடம் கொடுத்துவிட்டுக் கிளம்பியிருக்கிறான்.

எர்சிலியா கோடரியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். சரிவில் கல் உருண்டது. மூச்சிரைப்பு நெருங்கியது. சுரங்க வாயிலின் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு ஓர் உருவம் வந்து நின்றது.

செவெரினோ. அவள் கூடப் பிறந்த தம்பி.

"அக்கா, வெளிய வா."

"பெத்ரினி அனுப்புனானா?"

"யாரும் அனுப்பல."

"அப்புறம் எதுக்கு ஓடியாந்தே? ஓடிப்போனவன் சுரங்கம்தானே. இடிஞ்சா உனக்கென்ன?"

"ஊத்து போயிடும்க்கா. வீட்டு மேல நாலு ரூம் கட்டியிருக்கேன். வர்றவங்கள நம்பித்தான்..."

"நாலு ரூமா. அதுல எந்த ரூமுடா உங்க மாமாவோடது?"

 அவன் கண் அவள் முகத்தில் இல்லை. சுவரில் இருந்தது, சுவரின் கீழ்ப்பாகத்தில். எர்சிலியா அதைப் பார்த்தாள்.  இவனைத் தூக்கி வளர்த்தவள் அவள். பொய் சொல்லும்போது இவன் எங்கே பார்ப்பான் என்று அவளுக்குத் தெரியும்.

கோடரியை அவனிடம் நீட்டினாள்.

"இடி. இல்லேன்னா உக்காரு. கீழ இருக்கிற மெழுகுவர்த்தி அணையற வரைக்கும் ரெண்டு பேரும் உக்காந்திருக்கலாம். அணைஞ்சப்புறமும் உக்காந்திருக்கலாம். எனக்கு ஒரு அவசரமும் இல்ல."

தண்ணீரின் பீய்ச்சல் தணிந்து சாதாரண ஓட்டமாகியிருந்தது. உள்ளே தேங்கியது வடிந்துகொண்டிருந்தது. கீழ்ச்சுடர் ஒருமுறை நீலமாகிக் குனிந்து, மறுபடி நிமிர்ந்தது. செவெரினோ அதைப் பார்த்தான். அக்காவைப் பார்த்தான். அவள் நிஜமாகவே ஒரு கல்லின்மேல் உட்கார்ந்து பாவாடையைச் சரிசெய்துகொண்டாள்.

அவன் கோடரியை வாங்கினான்.

இடித்தான். அழுதுகொண்டே இடித்தான். எந்தக் கல்லை எடுத்தால் மற்றவை சரியும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. அதையும் எர்சிலியா கவனித்தாள். சுவர் நடுவில் பிதுங்கி வெளிப்பக்கமாக விழுந்தது. குளிர்ந்த வாடை வந்தது. கீழ்ச்சுடர் பட்டென்று அணைய, இருவரும் வெளியே ஓடினார்கள்.

வாயு வடிந்து சரிவில் இறங்கும்வரை காத்திருந்து, தாழப் பிடித்த சுடரோடு மறுபடி நுழைந்தார்கள்.

தங்கம் இருந்ததாக ஃபெர்மோ சொன்ன இடம் சுரங்கத்தின் மறுகோடியில். ஃபெர்மோ அங்கே இல்லை. சுவரை ஒட்டி இருந்தான்.

எலும்பும், தோல் பூட்ஸும், பெல்ட்டின் பித்தளைக் கொக்கியும். எல்லாவற்றின்மேலும் இரும்புத் தண்ணீர் சிவப்பு ஓடு கட்டியிருந்தது. இடது பூட்ஸின் அடித்தோலை எர்சிலியாதான் ஒரு குளிர்காலத்தில் தைத்துக் கொடுத்தாள். அந்தத் தையல் இன்னும் விடவில்லை. அவள் மண்டியிட்டு அதைத் தடவினாள். ஐரிஷ்காரியோடு சேர்த்து வைத்து எத்தனை இரவு இவனைச் சபித்திருப்பாள்.

"அன்னிக்கு நீ எங்கடா இருந்தே?" என்று திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்.

செவெரினோ சொன்னான். தான் எங்கே நின்றான், தன் கையில் என்ன இருந்தது, கூட யார் யார் இருந்தார்கள், பெத்ரினி என்ன சொன்னான், தாங்கள் என்ன செய்தார்கள், எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னான். சட்டையையும் பெட்டியையும் வீட்டிலிருந்து எடுத்து எரித்தது தான்தான் என்பதையும் சொன்னான். கீழே பேண்டு வாசித்துக்கொண்டேயிருந்தது. எர்சிலியா ஒரு கையால் பாறையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.  அவன் முடித்ததும் வாயில் ஊறிய கசப்பைத் துப்பினாள்.

"அழாத. அழுவுறது என் வேலை, அத நான் அப்புறம் பாத்துக்கறேன். உனக்கு வேற வேலை இருக்கு."

அதற்குள் சரிவில் பல காலடிகள் கேட்டன. சிங்கவாய் வற்றிவிட்டது. பெத்ரினி முன்னால் வந்தான். பின்னால் பத்துப் பன்னிரண்டு பேர். எல்லாரும் நரைத்தவர்கள், எல்லாரும் விழாக் கோட்டு அணிந்தவர்கள். இளைஞன் ஒருவன்கூட இல்லை. எர்சிலியா ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். ஒருத்தன் அவள் திருமணத்தில் வாசித்தவன். ஒருத்தன் அவளுக்குத் தினமும் ரொட்டி கொடுப்பவன். ஒருத்தருடைய கண்ணும் சுரங்கத்துக்குள் போகவில்லை.

பெத்ரினி தொப்பியை எடுத்தான். குரலைத் தாழ்த்தினான். பாவம், ஃபெர்மோ உள்ளே இருந்தது யாருக்கும் தெரியாது என்றான். நாளைக்குப் பாதிரியாரை வைத்து முறையாக அடக்கம் செய்துவிடலாம், இன்றைக்கு மட்டும் பொறுத்துக்கொள்ள வேண்டும், சுவரை இரவோடு இரவாக எழுப்பிவிட்டால் ஊற்று பிழைத்துக்கொள்ளும் என்றான். அவளுக்கு விடுதியில் நல்ல அறை தருவதாகச் சொன்னான்.

"கருவி வச்சிருக்கிற கொட்டாய்க் கதவ கழட்டிட்டு வாங்க," என்றாள் எர்சிலியா. "அவர அதுல படுக்க வெச்சுத் தூக்கணும். இப்போ. மண்டபம் வழியா."

"விருந்தாளிங்க இருக்காங்க, எர்சிலியா."

"அவங்களுக்குத்தான்."

"ஊரே போயிடும். இவங்க பேரன் பேத்தியெல்லாம் என்ன சாப்பிடுவாங்க, யோசிச்சுப் பாத்தியா?"

"ஊரு எது மேல நிக்குதுன்னு தெரியாம நான் பதினாறு வருஷம் தூங்கிட்டேன். இனிமே நீங்க முழிச்சிருங்க."

யாரும் அசையவில்லை. பிறகு செவெரினோ போய்க் கதவைக் கழற்றிக்கொண்டு வந்தான். ரொட்டிக்காரர் ஒரு மூலையைப் பிடித்தார். இன்னொருவர் தன் விழாக் கோட்டைக் கழற்றி ஃபெர்மோவின்மேல் போர்த்தினார். பெத்ரினி எர்சிலியாவின் காதருகே வந்தான்.

"தூக்கிட்டாப் போதுமில்ல? அதோட விட்டுடுவ இல்ல?"

அவள் கோட்டின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தாள். அதை அவன் சம்மதம் என்று எடுத்துக்கொண்டான்.

கதவு சரிவில் இறங்கியது. யூகலிப்டஸ் மரங்களுக்கு நடுவே, புது மாளிகையின் வெள்ளைத் தூண்களைத் தாண்டி, தோரணங்களுக்கு அடியில் நுழைந்தது. மண்டபத்தில் ஆடிக்கொண்டிருந்தவர்கள் ஒதுங்கினார்கள். வற்றிய சிங்கத்தின் முன்னால் மந்திரி வெள்ளிக் கோப்பையைப் பிடித்தபடி என்ன செய்வதென்று தெரியாமல் நின்றிருந்தார். பேண்டு மட்டும் நிற்கவில்லை. வாசித்தவர்கள் இளைஞர்கள், அவர்களுக்கு எதுவும் தெரியாது.

பெத்ரினி கெட்டிக்காரன். மந்திரியின் பக்கத்தில் போய் நின்று, கண்ணைத் துடைத்துக்கொண்டு, அழகான இங்கிலீஷில் பேசினான். பழைய தோழன், சுரங்க விபத்து, இத்தனை வருடம் கழித்து இந்தப் புனித நாளில் திரும்பக் கிடைத்திருக்கிறான், அவனுக்கு இங்கே ஒரு சலவைக்கல் நினைவுத்தூண் எழுப்புவோம் என்றான். ஆண்கள் தொப்பியைக் கழற்றினார்கள். முன்வரிசையில் ஒரு சீமாட்டி கைக்குட்டையை எடுத்தாள்.

மந்திரி நெகிழ்ந்துபோனார். இறந்தவருக்கு மரியாதையாக வாத்தியத்தை நிறுத்தலாமே என்றார்.

 கதவைப் பிடித்திருந்த நரைத்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பொழுது சாயாமல் நிறுத்தும் வழக்கம் இல்லை என்று சமாளித்தான் பெத்ரினி. ஏன் அப்படியொரு வழக்கம் என்று மந்திரி கேட்டார். நல்ல மனிதர், நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

எர்சிலியா மேடை ஏறினாள். முழங்கால் வரை செம்மண், கையில் ரத்தம். டிரம் வாசித்தவனின் குச்சிக்கும் தோலுக்கும் நடுவே இரண்டு உள்ளங்கைகளையும் வைத்து அழுத்தினாள். டிரம் நின்றது. அதைப் பார்த்துக் கார்னெட் நின்றது. ஒவ்வொன்றாக எல்லாம் நின்றன. அந்தத் திருவிழாவில் முதல் தடவையாகப் பள்ளத்தாக்கு நிசப்தமாக இருந்தது.

சமையலறையில் கற்ற இங்கிலீஷில், அவசரப்படாமல், கடைசி வரிசைக்கும் கேட்கும்படி பேசினாள்.

"ஐயா, நான் சொல்றேன். இவர் என் புருஷன். பேரு ஃபெர்மோ. விபத்து இல்ல. இதோ தூக்கிட்டு நிக்கிறாங்களே, இவங்கதான் அந்தச் சுவத்தக் கட்டினாங்க. அவர் ஊர்ல இல்லேன்னு நெனச்சுத்தான் கட்ட ஆரம்பிச்சாங்களாம். அது நெசமாவே இருக்கட்டும். சுவர் கூரையத் தொட்டு, கடைசிக் களிமண் பூசறப்போ உள்ள இருந்து தட்டுற சத்தம் கேட்டுது. மூணு தட்டு, ஒரு நிறுத்தம். மறுபடி மூணு தட்டு. சுரங்கத்துல வேலை பாத்த எவனுக்கும் அது என்னன்னு தெரியும். உள்ள உசுரோட ஒரு ஆள் இருக்கான்னு அர்த்தம். இவங்களுக்கும் தெரிஞ்சுது. ஆனா கீழ அப்பத்தான் தண்ணி திரும்ப ஆரம்பிச்சிருந்துது. பெத்ரினி, பேண்ட மேல வரச் சொன்னாரு. சுரங்க வாசல்ல நின்னு வாசிக்கச் சொன்னாரு. டிரம்ம என் தம்பி அடிச்சான்."

ஒரு மூச்சு இழுத்துக்கொண்டாள்.

"பொழுது சாயற வரைக்கும் அவர் தட்டினாரு. பொழுது சாயற வரைக்கும் இவங்க வாசிச்சாங்க."